ஆமை எந்த அறையில் இருக்கிறது?

குண்டு மூன்று நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை. குண்டு எங்கள் வீட்டின் மூத்த பால் பைதான் (ball python), பந்துபோலச் சுருளும் ஒரு மலைப்பாம்பு வகை. ஏழு வயது ஆண். பகலில் கவிழ்த்த மண்சட்டிக்குள் சுருண்டு கிடப்பான், விளக்கணைத்த பிறகுதான் தலையை நீட்டுவான். தண்ணீரில் படுப்பது அவன் வழக்கமில்லை. ஆடி மாதம், சென்னையில் புழுக்கம் தாங்கவில்லை. குளிர்ச்சி தேடுகிறான் என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். அடியில் மிளகுத்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். தண்ணீரை வடித்துவிட்டு, புள்ளிகளை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். பெரும்பாலானவை அசையவில்லை. ஒன்று மட்டும் ஈரத்தைவிட்டு விலகி, தாளின் விளிம்பை நோக்கி நடந்தது.

அதை நகத்தால் நசுக்கினேன். தாளில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அது குண்டுவின் இரத்தம்.

அப்போது வீட்டில் ஐந்து ஊர்வன இருந்தன. குண்டு, பத்து நாள் முன்பு வந்த இன்னொரு பால் பைதான் வெள்ளையம்மா, எட்டு மாதக் கார்ன் பாம்பு செம்பருத்தி, என் மகள் தாடி ஓணான் என்று பெயர் வைத்த பியர்டட் டிராகன், சட்டி என்கிற சல்கட்டா ஆமை. மூன்று பாம்புகளும் ஓணானும் ஒரே அறையில், ஒரே இரும்பு அலமாரியின் தட்டுகளில். ஆமைக்குப் பால்கனி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பாம்பையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். எங்களிடம் இருப்பவை எல்லாம் வெளிநாட்டு இனங்கள். அவற்றுள் பன்னாட்டு வனவிலங்கு வணிகக் கட்டுப்பாட்டுப் (CITES) பட்டியலில் வரும் பால் பைதான்களும் சல்கட்டாவும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யப்பட்டவை. பதிவு செய்யாமல் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் போகப் பயப்படுகிறார்கள். பயந்து, கால்நடை மருந்துக் கடைக்குப் போகிறார்கள். மைட் என்கிற இந்த இரத்தம் குடிக்கும் சிற்றுயிர் வந்த வீடுகளில் பல சாவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. அதனால்தான் சொல்கிறேன்.

பாம்பு மைட் என்று வளர்ப்பவர்கள் சொல்வது ஒரு சிற்றுண்ணி. மாட்டின் மேலும் நாயின் மேலும் ஒட்டியிருக்கும் உண்ணிக்கு உறவு; அளவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அறிவியல் பெயர் ஓபியோனிசஸ் நாட்ரிசிஸ். 1844-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெர்வே இதை விவரித்துப் பெயரிட்டார். 1953-இல் ஜோசப் கேமின் என்பவர் இதன் வாழ்க்கையை முட்டையிலிருந்து சாவுவரை கவனித்து எழுதியதை சிகாகோ அறிவியல் கழகம் வெளியிட்டது. இன்றும் நாள் கணக்குப் போடுவது பெரும்பாலும் அதை வைத்துத்தான். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு எதையும் குடிக்காது. தோலுரித்து அடுத்த பருவம் அடைந்ததும் இரத்தம் தேடி வரும். குடித்தவுடன் பாம்பைவிட்டு இறங்கி, எங்காவது இடுக்கில் ஒளிந்து, மேலும் இரண்டு முறை தோலுரித்து முழு வளர்ச்சி அடையும். பிறகு மறுபடி பாம்பின்மேல் ஏறும். பெண் மைட் குடித்துவிட்டு இறங்கிப்போய், இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கில் முட்டையிடும். வாழ்நாளில் 60 முதல் 80 வரை. ஒரு சுற்று முடிய 13 முதல் 19 நாள். வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் ஆடி மாதத்து அறை அதற்குக் கட்டிவைத்த பிரசவ வார்டு. இரத்தமே கிடைக்காத இளம் மைட்கூட ஒரு மாதம்வரை பசியோடு காத்திருக்கும்.

இந்தக் கணக்கில் பாம்பின் உடலுக்கு எவ்வளவு சிறிய பங்கு என்று பாருங்கள். குடிக்கும் நேரம் மட்டும்தான் அது பாம்பின்மேல் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் பெட்டியின் மூலையில், மரப்பலகையின் விரிசலில், அலமாரியின் ஆணித் துளையில் இருக்கிறது.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டிருக்கவே வேண்டியதில்லை. துறையூர்ப் பக்கம் எங்கள் அப்பாயி வீட்டில் கோழி அடைவைக்கும் கூடையில் கோழிப்பேன் வரும். பகலில் பார்த்தால் கோழியின்மேல் ஒன்றும் இருக்காது. இரவில் கூடைக்குள் கைவிட்டால் முழங்கைவரை ஊறும். அப்பாயி கோழியைத் தொடமாட்டார். வைக்கோலை அள்ளிக் கொல்லையில் போட்டுக் கொளுத்துவார். கூடையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போடுவார். முட்டைகளைத் துடைத்து வேறொரு கூடையில், புது வைக்கோலில் வைப்பார். ஏழெட்டு நாளில் மறுபடியும் இதே வேலை. “பேன் கோழியில குடியிருக்கலடி, கூடையில குடியிருக்கு” என்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்றிரவு அது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு நான் செய்ததை முழுவதும் எழுதுகிறேன். இன்னொருவர் செய்யாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

சமையலறையில் கரப்பான்பூச்சிக்கு அடிக்கும் ஸ்ப்ரே இருந்தது. பாம்புகளின்மேல் அடிக்கக்கூடாது என்ற அறிவு இருந்தது. அதனால் பெட்டிகளின் மூடிகளைச் சாத்திவிட்டு, அலமாரியின் பின்புறத்திலும் அடித்தட்டுக்குக் கீழேயும் அடித்தேன். மருந்து வீணாகிவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவை மூடிவிட்டுப் போய்ப் படுத்தேன். மூடிகளில் காற்றுக்காக நானே போட்ட துளைகள் இருந்தன என்பதை யோசிக்கவில்லை.

காலையில் முதலில் எழுந்தவள் மகள். “அம்மா, செம்பருத்தி மேலே பார்த்துக்கொண்டே இருக்கிறது” என்றாள். போய்ப் பார்த்தேன். பென்சில் கனம்கூட இல்லாத அந்தக் குட்டி, தலையை வானத்தை நோக்கித் திருப்பியபடி, உடல் முழுவதும் மெல்லிய நடுக்கம் ஓடக் கிடந்தது. கையில் எடுத்து மல்லாத்தினேன். நலமான பாம்பாக இருந்தால் நொடியில் புரண்டு நேராகிவிடும். அது புரளவில்லை. வயிற்றுப்புறத்தின் வெள்ளையும் கறுப்புமான சோளமணிக் கட்டங்கள் மேலே தெரிய, என் உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. ஜன்னல்களைத் திறந்தோம். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கழுவினேன். மற்ற எல்லாவற்றையும் வேறு அறைக்குத் தூக்கினோம். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் பத்து மணிக்குத்தான் வருவார். பதினொன்றரைக்கு அவர் மேசையின்மேல் செம்பருத்தி இறந்தது.

கரப்பான்பூச்சி ஸ்ப்ரேயில் இருப்பவை பைரித்ராய்டு வகை மருந்துகள். பூச்சியின் நரம்பைத் தாக்குவதுபோலவே பாம்பின் நரம்பையும் தாக்கும். குட்டியாக இருந்தால் மிகச் சிறிய அளவே போதும். பெரிய பாம்புகள் பிழைத்தது அவற்றின் எடையால். இந்த வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் மருந்தை வெளிநாடுகளில் மைட்டுக்கென்றே தயாரித்து விற்கிறார்கள். ஆனால் அதைப் பாம்பு இல்லாத காலிப் பெட்டியில் அடித்து, முழுவதும் காய்ந்து வாடை போன பிறகே பாம்பை விடச் சொல்கிறார்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரினை நினைத்தும் பார்க்கக்கூடாது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. எங்கள் பால்கனிக்குப் பக்கத்து வீட்டுப் பூனை தினமும் வந்துபோகும். அதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மருத்துவரிடம் போகும் வழியில் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். காலையில் பதற்றத்தில், பல ஆண்டுகளாகப் பாம்பு வளர்க்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை வாங்கித் தண்ணீரில் கலந்து அறை முழுக்கத் தெளித்துவிடுங்கள், பாம்புக்கும் போடலாம், என் வீட்டில் அதுதான் கேட்டது என்றார். மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கால்நடை மருந்துக் கடையில் யாரும் எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். குப்பி என் கைப்பையில் இருந்தது.

செம்பருத்தியைத் துணியில் சுற்றிவைத்துவிட்டு, அந்தக் குப்பியை எடுத்து மருத்துவரிடம் காட்டி, இதை எந்த அளவில் கலப்பது என்று கேட்டேன். அவர் குப்பியைப் பார்க்கவில்லை. வீட்டில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கேட்டார். சொன்னேன்.

“ஆமை எந்த அறையில் இருக்கிறது?”

“பால்கனியில்.”

“இரவிலுமா?”

இரவில் பூனை வருமே என்று சட்டியை உள்ளே கொண்டுவந்துவிடுவோம். அந்த அறைக்குத்தான். அலமாரியின் அடித்தட்டுக்குக் கீழே, சுவரோரம், அதற்கு ஒரு மரப்பெட்டி. காலையில் தானே எழுந்து, தரையில் கிடக்கும் எதையும் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டு பால்கனிக்கு நடக்கும்.

ஐவர்மெக்டின் சாதாரண மருந்து இல்லை. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. கோடிக்கணக்கான மனிதர்களை ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து காத்தது. அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பல பாம்புகளுக்கும் பல்லி இனங்களுக்கும் மருத்துவர் அளந்து கொடுத்தால் பலன் தரும். ஆனால் ஆமைக்கு அது விஷம். அமெரிக்காவில் 1983-இல் வெளியான ஓர் ஆய்விலேயே ஐவர்மெக்டின் கொடுக்கப்பட்ட ஆமைகள் கால் செயலிழந்து போனதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த ஆமைக்கும் எந்த வடிவிலும் கொடுக்கக்கூடாது என்பதே விதி. நம் மூளைக்குள் இந்த மருந்து நுழையாமல் ஒரு காவல் இருக்கிறது, ஆமையிடம் அந்தக் காவல் போதவில்லை என்று மருத்துவர் விளக்கினார். முதலைகளுக்கும் ஆகாது, அரணை வகைகள் சிலவற்றுக்கும் ஆகாது. பால் பைதான்களே சில சமயம் தள்ளாடுவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

எனக்குப் போனில் ஆலோசனை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அது கேட்டது. அவர் வீட்டில் பாம்புகள் மட்டும்தான். பலவகை உயிர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டுக்கு ஆலோசனை சொல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: வேறு என்னென்ன இருக்கின்றன, எங்கே இருக்கின்றன? அதைக் கேட்காமல் மருந்தின் பெயரைச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவர் சொல்வது அவர் வீட்டுக்கான மருந்து. குப்பியை மருத்துவரிடமே கொடுத்துவிட்டேன். அதன் அலுமினிய மூடியைக்கூடப் பிரிக்கவில்லை.

பிறகு அவர் குண்டுவை மேசையில் வைத்து, டார்ச்சை எனக்குக் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். பாம்பின் கீழ்த்தாடைக்கு நடுவே நீளவாக்கில் ஒரு மடிப்புக் கோடு உண்டு. இரை விழுங்கும்போது விரிவதற்காக. அந்தக் கோட்டை விரலால் மெல்ல விலக்கினார். உள்ளே வரிசையாக, தையல் போட்டதுபோல, கரும்புள்ளிகள். கண்ணைச் சுற்றியுள்ள செதில் விளிம்பில் நான்கு. உதட்டோரக் குழிகளில் ஒவ்வொன்றிலும் ஒன்று. முதுகில் சாம்பல் தூவியதுபோன்ற வெண்பொடி, மைட்டின் கழிவு. நான் தினமும் பார்த்த முகம் அது. செதில் இடுக்கைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளையம்மாவிடம் அதைவிட அதிகம் இருந்தன. வந்தது அவளோடுதான். பத்து நாளாக அவளை அதே அலமாரியில், மேல்தட்டில் வைத்திருந்தது என் பிழை.

ஒட்டுண்ணி இரத்தம் குடிப்பதோடு விடுவதில்லை. குட்டிகள் இரத்தசோகையில் செத்துப்போகும். கடித்த இடத்தில் புண் வைக்கும். ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு ஏரோமோனாஸ் என்ற கிருமியைச் சுமந்துபோகும். தோலுரிப்பது தடுமாறும். மனிதரையும் கடிக்கும், 1975-இலேயே பிரிட்டனின் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் இது பதிவாகியிருக்கிறது. என் மாமியாருக்கு ஒரு வாரமாக மணிக்கட்டில் சிவப்புத் தடிப்புகள் இருந்தன. கொசு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மனித உடலில் அது குடியேறிப் பெருகாது என்று தெரிந்த பிறகுதான் அவர் அந்த அறைப் பக்கம் வந்தார். வந்தவர் பிறகு எல்லா வேலையிலும் கூடவே நின்றார்.

மருந்து இரண்டு உயிர்களுக்கு மட்டும்தான். பைதான்கள் இரண்டுக்கும் ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து, அதுவும் மருத்துவரின் கையால். நேரே பாம்பின்மேல் அடிக்கவில்லை. துணியில் நனைத்து, தலையைத் தவிர்த்து, உடலை ஒருமுறை துடைத்தார். பிறகு வாடை போகும்வரை காற்றோட்டமாக வைத்தார். அதில் ஆல்கஹால் இருப்பதால் நனைய நனைய அடித்தால் உடல் குளிர்ந்துபோகும், நுரையீரலும் கெடும். முகத்துக்கு, காது குடையும் பஞ்சில் ஒரு துளி எண்ணெய். அதைக்கொண்டு மைட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். ஓணானின் உடலில் எதுவும் காணவில்லை. காது, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் தேடினார். அதனால் அதற்கு மருந்தில்லை. தனியறையும் வெதுவெதுப்பான நீரில் குளியலும் மட்டும். ஆமைக்கு எதுவும் இல்லை. அதை அந்த அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்டார்: ஓணானுக்குப் போடும் சுவர்க்கோழிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதே அறையில், அலமாரிக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பாவில் இருந்த அத்தனையும் செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்து, நான் கவனிக்காமல் அவற்றை ஓணானுக்குப் போட்டிருந்தால்?

மீதி வேலை அப்பாயியின் வேலை. கூடையை மாற்றும் வேலை.

பெட்டிகளிலிருந்த தேங்காய்நார்த்தூள், மரப்பட்டை, காய்ந்த கிளைகள் எல்லாவற்றையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றே வெளியேற்றினோம். பின்பலகை ஒட்டுப்பலகையில் செய்தது; அதன் அடுக்குகளுக்கு நடுவே முட்டை இருந்தால் எந்த மருந்தும் எட்டாது. அதையும் தூக்கிப்போட்டோம். பிளாஸ்டிக் பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஆடி வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்தோம். மண்சட்டிகளை அடுப்பில் தண்ணீரோடு கொதிக்கவிட்டார் மாமியார். கொதிநீர் முட்டை, குஞ்சு, பெரிது எதையும் விடாது. அதற்குப் பிறகு எச்சமும் இருக்காது, ஆமையையும் பூனையையும் தொடாது. விலையில்லாத இந்த மருந்துக்கு இணையாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இனி வெள்ளைத்தாள் மட்டும். ஒளிவதற்கு அட்டைப்பெட்டி, வாரம் ஒருமுறை அதையும் எறிந்துவிட்டுப் புதியது. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வெள்ளைத்தாளில் ஒரு புள்ளி நடந்தாலும் தெரியும்.

அலமாரிக்கு மாமியார் ஒரு வழி சொன்னார். எறும்பு ஏறாமல் இருக்கச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோமே, அதுபோல. நான்கு கால்களையும் நான்கு கிண்ணங்களில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். வெறும் தண்ணீரானால் மைட் மேலே மிதந்து தப்பிவிடலாம்; சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். இரண்டாம் நாள் காலை ஒரு கிண்ணத்தில் பதினேழு எண்ணினேன். இரவில் இறங்கி வேறு இடம் தேடிப் போனவை. சுவரிலிருந்து அலமாரியை ஒரு சாண் தள்ளிவைத்தோம், பாலம் இல்லாமல்.

மைட் தானாக நடந்து போவதைவிட நம் கையில் ஏறிப் போவதுதான் அதிகம். எலியைப் பிடித்துக் கொடுக்கும் இடுக்கி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக வாங்கினேன். வேலைக்கு வரும் அக்காவிடம் அந்த அறையைப் பெருக்க வேண்டாம் என்று சொன்னோம். அங்கே பெருக்கிய துடைப்பம் மற்ற அறைகளுக்குப் போகிறதே. தினசரி வேலைக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் ஆமைக்குக் கீரை, பிறகு ஓணான், பிறகு குண்டு, கடைசியில் வெள்ளையம்மா. சுத்தமானதிலிருந்து நோயுள்ளதை நோக்கி. வெள்ளையம்மாவைத் தொட்ட பிறகு குளிக்காமல், உடை மாற்றாமல் வேறு எதையும் தொடுவதில்லை. இந்த வரிசையை ஒருநாள் தலைகீழாக்கினால் முந்தைய பத்து நாள் வேலையும் போய்விடும்.

வேப்பெண்ணெய் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வேம்பின்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பெட்டியின் இடுக்கிலிருக்கும் முட்டையை அது நம்பத்தக்க வகையில் அழிப்பதில்லை. உடலெல்லாம் பூசினால் பிசுபிசுப்பும் கடும் வாடையும்தான் மிச்சம். அந்துருண்டை போட வேண்டாம், அதன் ஆவியே நஞ்சு. ஒரு காலத்தில் டைக்குளோர்வாஸ் பட்டைகளை அறையில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. நரம்பு நஞ்சு அது. 2020 இறுதியோடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய குப்பி யாரிடமாவது இருந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மாட்டு உண்ணிக்குக் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரினும் என் செம்பருத்தியைக் கொன்ற அதே குடும்பம்தான்.

வெளிநாடுகளில் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மைட்டைத் தின்னும் மைட். செய்லெட்டஸ் எருடிட்டஸ் என்ற வேட்டைச் சிற்றுண்ணியைப் பெட்டிக்குள் விடுகிறார்கள். அது பாம்பைத் தொடாமல், பாம்பு மைட்டைத் தேடித் தேடித் தின்கிறது. பிரான்சில் செய்த சோதனையில் இது பலன் தந்ததை 2013-இல் எழுதியிருக்கிறார்கள். மருந்து அடித்த பெட்டியில் விட்டால் அதுவே செத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. எனக்கு இங்கே கிடைக்கவில்லை. கிடைத்தால், ஆமையும் ஓணானும் பாம்பும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பேன்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கண்ணில் படும் எல்லாச் சிறுபூச்சியும் பாம்பு மைட் இல்லை. நார்த்தூளில் வெளுப்பாக, மெதுவாக நகரும் சிற்றுண்ணிகள் உண்டு. அழுகும் பொருளைத் தின்பவை, பாம்பின் பக்கமே வராதவை. அவற்றுக்குப் பயந்து மருந்து அடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒட்டும் டேப்பில் இரண்டைப் பிடித்து மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மருத்துவர் கொடுத்த கணக்கு ஆறு வாரம். முதல் துடைப்புக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒன்று. கொதிநீர் வாரம் ஒருமுறை. கடைசி மைட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் எண்ண வேண்டும். முதல் மைட்டைப் பார்த்த நாளிலிருந்து அல்ல. இங்கேதான் பலரும் தோற்றுப்போகிறோம். பத்தாம் நாள் பாம்பின்மேல் ஒன்றுமே இருக்காது, கிண்ணத்தில் ஒன்றுமே இருக்காது, மனம் நிம்மதியடைந்துவிடும். அந்த நேரத்தில் இடுக்கில் முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பதினெட்டாம் நாள் குண்டுவின் தாளில் ஒன்று நடந்தது. நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில்தான் கணக்கு எழுதிவந்தேன். அன்று பழைய தாள்களை எடுத்துவைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மகள் அழுதாள். அவளுக்குச் செம்பருத்தியின் நினைவு.

புதிதாக ஒரு பாம்பை வாங்கி வருபவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேறு அறையில், வெள்ளைத்தாளின்மேல், தனி இடுக்கியோடு 90 நாள் வையுங்கள். வேறு அறை இல்லையென்றால் இன்னொரு பாம்பு வாங்க வேண்டாம். விற்பவர் நல்லவராக இருப்பது போதாது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். வெள்ளையம்மாவைக் கொடுத்தவருக்கும் தெரியாது. நான் சொன்ன பிறகுதான் அவர் தன் அலமாரியைப் பார்த்தார்.

இரண்டாவது எண்ணிக்கையின் முப்பத்தொன்பதாம் நாள் குண்டு தோலுரித்தான். மைட் இருந்தவரை அவன் தோல் துண்டுதுண்டாகக் கிழிந்து, கண்மேல் செதில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று பயந்திருந்தேன். காலையில் பெட்டியைத் திறந்தபோது தாளின்மேல் உள்ளாடையைக் கழற்றிப்போட்டதுபோல முழுத்தோலும் கிடந்தது. ஈரம் காயுமுன் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். இரண்டு கண்மூடிகளும் சின்னக் கண்ணாடிச் சில்லுகள்போல இருந்தன. மகள் கீழ்த்தாடையின் கோட்டை விரித்து, டார்ச் அடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். உதட்டுக் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. தோலை ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு மூழ்கவைத்து அரைமணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மேலும் மூன்று நாள் இருந்தது. நாள்காட்டித் தாளின் பின்புறம் 39 என்று எழுதினேன். பால்கனியில் சட்டி கீரையை முடித்துவிட்டுக் கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தது. அந்த அறைக்குள் வர அதற்கு இன்னும் அனுமதியில்லை.